ஆறு பாடங்களும் ஒரு கயிறும்

என்னை யாராவது 'வாத்தியாரே' என்று கூப்பிட்டால் இன்றைக்கும் காது மடல் சூடாகிவிடுகிறது. மரியாதையாகத்தான் கூப்பிடுகிறார்கள். எனக்குத்தான் உடனே ஒரு வலைக் கொட்டகையும், அதைச் சுற்றிக் கட்டிய கயிறும், அந்தக் கயிற்றுக்கு உள்ளே மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த என் நைனாவும் கண்முன்னால் வந்து நிற்பார்கள். வெட்கக்கேடு. சொல்லித் தொலைத்துவிடுகிறேன்.

பழவேற்காட்டுக் கோட்டையில் உலாந்தாக்காரர்களின், அதாவது டச்சுக்காரர்களின், கொடி பறந்துகொண்டிருந்த காலம் அது. எங்களுக்குச் சொந்த ஊர் திருப்பாலைவனம். நெல்லும் வைக்கோலும்தான் வீடு. நைனாவுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் இளையவனான என்னைப் படிக்க வைத்தே தீருவது என்று ஒரு பிடிவாதம் அவருக்கு. இருந்த இரண்டு எருதில் ஒன்றை எங்கள் ஊர் வாத்தியார் வீட்டுக் கொட்டிலில் கொண்டுபோய்க் கட்டிவிட்டு என்னை அங்கே உட்கார வைத்தார். அந்த வருஷம் பக்கத்து வீட்டில் ஒரு மாட்டை இரவல் வாங்கித்தான் ஏர் ஓட்டினார்கள். என் அண்ணன் அதை மறக்கவே இல்லை. நான் வாயைத் திறந்தால் போதும், "பேசுதுடா எங்க வூட்டு மாடு" என்பான்.

அந்த வாத்தியாரிடம் நான் கற்றது இரண்டே இரண்டு: அரிச்சுவடி, எண்சுவடி. மூன்றாவதாகப் பிரம்படியையும் சேர்த்துக்கொள்ளலாம். பிறகு கோட்டைக்கருகே ஒரு துணிக் கிட்டங்கியில் மூட்டை எண்ணும் வேலை கிடைத்தது. எண்ணுவதில் என்னை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. ஒருநாள் கிட்டங்கியின் பெரியவர் சாயமெழுதிய துணி ஒன்றை விரித்துப் பிடித்துக்கொண்டு, "இது என்ன பூ?" என்று கேட்டார். நான் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இருபது பூ ஐயா" என்றேன். கிட்டங்கியே சிரித்தது. இது எந்தத் தேசத்துக்குப் போகிறது, அந்தத் தேசம் எந்தத் திசையில் இருக்கிறது என்றெல்லாம் விளையாட்டாகக் கேட்டார்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வருஷக்கணக்காகப் பூக்களுக்கு நடுவில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன், ஒரு பூவைக்கூடப் பார்த்ததில்லை.

கப்பல் வரத்து குறைந்து கிட்டங்கி வேலை போனபோது ஊருக்குத் திரும்பிப் போக எனக்கு முகமில்லை. மாட்டைத் தின்றவன் கலப்பை பிடிக்க வருகிறான் என்று அண்ணன் ஊர் கூட்டிச் சிரிப்பான். நைனா சிரிக்கமாட்டார். அதுதான் இன்னும் மோசம். நல்ல வேளையாக ஏரிக்கு அக்கரையில் மணல்மேட்டிலிருந்த ஒரு மீனவக் குப்பத்தின் நாட்டார், அதாவது ஊர்த் தலைவர், தன் ஊர்ப் பிள்ளைகளுக்கு வாத்தியார் தேடிக்கொண்டிருந்தார். வலை உலர்த்தும் கொட்டகையை எனக்குப் பள்ளிக்கூடமாக ஒழித்துக் கொடுத்தார். மூன்று வேளை சோறு, கொஞ்சம் மீன். பருவம் முடியும்வரை பார்ப்போம், பிள்ளைகளுக்கு உருப்படியாக ஏதாவது வந்தால் இரு, இல்லாவிட்டால் தோணி ஏறு என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். எனக்கு அந்தப் பள்ளிக்கூடம் நிலைத்தாக வேண்டும். கொட்டிலை விட்டுப் போன எருது வீணாகவில்லை என்று நைனா ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும். எனக்கு வேறு ஆசையே இருக்கவில்லை.

ஆகவே கொட்டகையில் தனியாக உட்கார்ந்து யோசித்தேன். என்னை வளர்த்த மாதிரி ஒரு பிள்ளையையும் வளர்க்கக்கூடாது என்பதில் தெளிவாக இருந்தேன். எழுத்து வேண்டும், கணக்கு வேண்டும். அதோடு பாட்டும் வேண்டும், பூவைப் பூவாகப் பார்க்கப் படம் வரையவும் வேண்டும். வானத்து மீனும் காற்றும் திசையும் ஒரு பாடம். பத்தாவி, மலாக்கா, ஈழம் என்று கப்பல் போகிற தேசங்களின் கதை ஒரு பாடம். ஆக ஆறு. இந்த ஆறில் ஒன்று இன்னொன்றை விழுங்கிவிடக்கூடாது, எல்லாம் சமமாகப் போகவேண்டும். ஒரு பக்கம் மட்டும் பாரமேற்றிய தோணி என்ன ஆகும் என்று மீனவர்களுக்குச் சொல்லவா வேண்டும்? இந்த உவமையை வேறு தயார் செய்து வைத்துக்கொண்டேன். அப்படி ஒரு பெருமை எனக்கு.

தோணித்துறையில் ஊர் கூடியது. நான் உவமையோடு ஆரம்பித்தேன். யாரும் கேட்கவில்லை.

"பாட்டுக்கு ஒரு வாத்தியாரா? எங்க வூட்டுப் பொம்பளைங்க பாடறத நிறுத்தச் சொல்லித் தரியா, அதுக்குன்னா நான் வரேன்" என்றார் ஒருவர்.

"இவரு நிறுத்தினா நாங்க நிறுத்தறோம்" என்று பின்னாலிருந்து ஒரு பெண்குரல் வந்தது.

கணக்கு மட்டும் போதும் என்றது ஒரு கூட்டம். எழுத்துதான் முதலில் என்றது இன்னொன்று. கப்பலில் பத்தாவி வரைக்கும் போய்வந்த ஒருவர், தேசக்கதை இல்லாமல் இதெல்லாம் ஒரு படிப்பா என்று துண்டை உதறினார். பெண்பிள்ளைகளையும் அனுப்புவது என்று மட்டும் தகராறில்லாமல் முடிவாயிற்று. மீனைக் கூடையில் எடுத்துப் போய் விற்று வருவது அவர்கள்தானே. மற்றபடி எந்தப் பாடத்துக்கு முதல் இடம் என்று கூச்சல் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் நாட்டார் கையைத் தூக்கினார்.

"இன்னாத்துக்கு இத்தினி கத்தல்? ஆறு பாடம், நம்ம பங்காளிக் கூட்டமும் ஆறு. ஏரில வெக்கிற மாதிரி பாடு வெச்சிடலாம். நாளுக்கு ஒரு பாடம், முறை மாத்தி மாத்தி. இன்னா வாத்தியாரே?"

பாடு என்றால் மாறி மாறி முறை வருவது என்ற மட்டில் எனக்குத் தெரியும். அட, இதைவிட நல்ல ஏற்பாடு கிடைக்குமா? ஒரு பாடமும் பட்டினி கிடக்காது. மேற்கொண்டு கேட்டிருக்கலாம். ஆனால் அவர்களோடு ஒரு மாசத்துக்கு மேல் சோறு தின்றுவிட்டு, படித்தவன் என்று பேர் வேறு வாங்கிவிட்டு, 'பாடு என்றால் என்ன?' என்று எப்படிக் கேட்பது? தலையாட்டினேன். நன்றாக, பலமாக ஆட்டினேன். அம்மன் கோயில் முன்னால் ஓலை நறுக்குகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி எடுத்தார்கள். கூட்டத்துக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு சந்தோஷமாகக் கலைந்தார்கள். பாடத்துக்கான சீட்டை ஏன் கூட்டத்துக்கு ஒன்றாக எடுக்கிறார்கள் என்று அப்போதாவது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

மறுநாள் காலை, கோட்டை மணி தண்ணீருக்கு மேலே மெல்லக் கேட்டதும், கொட்டகைக்குப் போனேன். கொட்டகையைச் சுற்றிக் குச்சிகள் நட்டு ஒரு பழைய வலைக்கயிறு கட்டியிருந்தது. உள்ளே ஒரே ஒரு கூட்டத்துப் பிள்ளைகள் மட்டும் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஊரின் மற்ற பிள்ளைகளெல்லாம் கயிற்றுக்கு வெளியே நின்றார்கள். "வாங்க, ஏன் அங்கேயே நிக்கிறீங்க?" என்றேன். ஒரு பிள்ளையும் அசையவில்லை. நான் பாட்டை ஆரம்பித்தேன். உடனே வெளியே நின்ற அத்தனை பிள்ளைகளும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்கள்.

நாட்டார் வீட்டுக்கு ஓடினேன். அவர் பொறுமையாக விளக்கினார். ஏரியில் நல்ல இடமும் உண்டு, வெறும் சேறு மிஞ்சுகிற இடமும் உண்டு. அதற்காகச் சண்டை வராமலிருக்கத்தான் பாடு. இன்றைக்கு இந்த இடம் எந்தக் கூட்டத்துக்கு விழுந்ததோ அவர்கள் மட்டும்தான் அங்கே வலை வைக்கலாம். நாளைக்கு அவர்கள் அடுத்த இடத்துக்கு நகர்வார்கள். முறைக்காரர் வரவில்லையென்றால் அந்த இடம் சும்மாவே கிடக்கும். பசியோடிருப்பவன்கூட அங்கே கை நனைக்கமாட்டான். போன பருவத்தில் எவனோ ஒருவன் அடுத்தவர் முறையில் மடவை மீன் பிடித்துவிட்டானாம். ஊர் நடுவில் நிறுத்தி, பிடித்த மடவை அத்தனையையும் முறைக்காரர் கூடையில் அவன் கையாலேயே போட வைத்தார்களாம்.

"அதனால ஒருத்தர் முறைய இன்னொருத்தர் எடுக்கக்கூடாதுன்னு புள்ளைங்களுக்கு நல்லா சொல்லி வெச்சிருக்கோம். நீ கவலப்படாதே" என்றார்.

நான் அப்படிச் சொல்லவில்லையே, எல்லாப் பிள்ளைகளும் எல்லா நாளும் வரவேண்டுமே என்று இழுத்தேன்.

"நீதானே தலையாட்டினே? அம்மன் முன்னாடி போட்ட சீட்டு. பருவம் முடியறவரைக்கும் யாரும் தொட முடியாது."

அதற்குமேல் வாயைத் திறந்தால் எனக்குத் தெரியாமல்தான் தலையாட்டினேன் என்பது வெளியே வந்துவிடும். மூடிக்கொண்டு திரும்பினேன். இப்படியாக என் ஆறு பாடங்களும் ஒன்றுக்கொன்று சமமாக, கொஞ்சமும் சாயாமல் நடந்தன. பிள்ளைகள்தான் ஆறு நாளைக்கு ஒருமுறை உள்ளே வந்தார்கள். எழுத்து கேட்ட பிள்ளைக்கு அடுத்த முறை கிடைப்பது வானம். எழுத்து திரும்பி வருவதற்குள் 'அ' என்று ஒன்று இருந்ததே மறந்து போயிருக்கும். வெளியே நிற்கிற பிள்ளைகளின் நேர்மையோ தாங்கமுடியவில்லை. படம் வரைகிற நாளில் கண்ணை இறுக மூடிக்கொண்டு நிற்பார்கள். ஒரு சின்னப்பெண் அடுத்த கூட்டத்துப் பாட்டை வாய்க்குள் முணுமுணுத்ததற்கு அவள் அம்மா தலையில் நறுக்கென்று குட்டினாள். எனக்கே குட்டு விழுந்த மாதிரி இருந்தது.

இதற்கிடையில் ஒரு நல்ல நாளுக்கு வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணன் வழக்கம்போல, "இன்னா, குப்பத்துல மீனுக்குப் பாடம் எடுக்கறியாமே" என்று ஆரம்பித்தான். ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஊர்ப் பிள்ளைகள் ஒன்று விடாமல் வருகிறார்கள், ஆறு பாடமும் எல்லாருக்கும் உண்டு, பழவேற்காட்டிலேயே இப்படி ஒரு பள்ளிக்கூடம் கிடையாது என்று அளந்துவிட்டேன். அண்ணன் அம்மாவைப் பார்த்துக் கண்ணடித்தான். நைனா மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

நாற்று விடுவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒருநாள், யாருக்கும் சொல்லாமல் அவர் கிளம்பி வந்துவிட்டார்.

அன்றைக்கு எழுத்து முறை. அதன் முறைக்காரர் ஊரிலேயே குரல் பெரிய ஒரு தோணிக்காரர். அவர் கூட்டம் முழுக்கக் குழந்தை குட்டிகளோடு ஆரம்பாக்கத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தது. முறைக்காரர் வராவிட்டால் இடம் சும்மாதானே கிடக்கவேண்டும்? கொட்டகை காலி. நான் மட்டும் நடுவில் உட்கார்ந்து பிரம்பால் மணலைக் கிளறிக்கொண்டிருந்தேன். மற்ற பிள்ளைகள் கயிற்றைச் சுற்றி வரிசையாக நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது துறையிலிருந்து ஒருவர் மணலில் கால் புதையப் புதைய நடந்து வந்தார். தோளில் ஒரு மூட்டை. தண்ணீர் என்றாலே பயப்படுகிறவர். தோணியில் வந்ததில் முகம் வெளுத்திருந்தது. வேட்டியைத் துவைத்து உடுத்தியிருந்தார். பக்கத்தில் வந்த பிறகுதான் நைனா என்று தெரிந்தது.

அவர் பிள்ளைகளைப் பார்த்தார். காலியான கொட்டகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இன்னாபா, புள்ளைங்க எல்லாம் வெளிய நிக்குது? எதுனா ரொம்ப அடிச்சிட்டியா?"

என் முகத்தில் ஈயாடவில்லை. இன்றைக்கு முறை இல்லை, கல்யாணம், கயிறு என்று ஏதேதோ உளறினேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்துகொள்ள முயலவும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். மகனை வாத்தியாராகப் பார்க்கவென்று விடியுமுன் கிளம்பி நடந்து வந்திருக்கிறார். வாத்தியாருக்கு முன்னால் ஒரு பிள்ளைகூட இல்லை. அந்த மூட்டையில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கென்று பொரி கொண்டுவந்திருந்தார். பூமி பிளந்து என்னை விழுங்கிக்கொள்ளாதா என்றிருந்தது.

மூட்டையைக் கம்பத்தில் மாட்டிவிட்டுக் கயிற்றைத் தூக்கி உள்ளே வந்தார். எனக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"வாத்தியார் சும்மா குந்திகினு இருந்தா நல்லாவா இருக்குது? எனக்குச் சொல்லு. ஒண்ணு சொல்லு, போதும்."

"வேணாம் நைனா."

"சொல்லுபா. எல்லாரும் பாக்கறாங்க பாரு."

என் மானத்தைக் காப்பாற்றத்தான் அவர் உட்கார்ந்தார். எனக்கோ அதுதான் பெரிய அவமானமாக இருந்தது. சீக்கிரம் முடித்தால் போதும் என்று மணலில் 'அ' எழுதிக் காட்டினேன். அவர் விரல் கலப்பை பிடித்துக் காய்த்துப்போன விரல், சுழிக்கு வளையவே இல்லை. நான் அந்த விரலைப் பிடித்து வளைக்க வேண்டியிருந்தது. எழுதினார், அழித்தார், எழுதினார். நெற்றி வேர்த்துவிட்டது. கடைசியில் கொஞ்சம் சாய்ந்தாற்போல ஒரு 'அ' வந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்கவிடாமல், வெளியே ஒரு பிள்ளை கத்தியது.

"யாரோ பூந்துட்டாங்க! அடுத்தவங்க முறையில எடுத்துட்டாங்க!"

அவ்வளவுதான். ஊர் முழுக்கப் பரவிவிட்டது. சாயங்காலம் கல்யாணத் தோணிகள் திரும்பியதும் தோணித்துறையில் பஞ்சாயத்து கூடியது. என்னைப் பெற்றவரை நடுவில் நிறுத்தினார்கள். துவைத்து உடுத்தி வந்த வேட்டியோடு கைகட்டி நின்றார். நான் ஒரு தோணிக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றேன். மானம் கப்பலேறிவிட்டது, இனி இறங்காது என்று நினைத்துக்கொண்டேன்.

நாட்டார் மரியாதையாகத்தான் பேசினார். "பெரியவரே, நீங்க வெளியூரு. தெரியாம செஞ்சிருப்பீங்க. ஆனா முறைன்னா முறை. இவங்க நாளுல, இவங்க இடத்துல குந்தி எடுத்திருக்கீங்க. உண்டா இல்லியா?"

"உண்டு சாமி. பொய் சொல்லமாட்டேன்" என்றார் நைனா. "ஒண்ணே ஒண்ணுதான் எடுத்தேன்."

"அத முறைக்காரர்கிட்ட ஒப்படைச்சிடுங்க. வேற ஒண்ணும் வாணாம்."

தோணிக்காரர் தன் சின்னப்பெண்ணை முன்னால் தள்ளினார். கல்யாண வீட்டுப் பூ இன்னும் அவள் தலையில் இருந்தது. நைனா ஈரமணலில் குந்தினார். "கையக் குடு கண்ணு" என்று அவள் விரலைப் பிடித்துக்கொண்டார். "மொதல்ல ஒரு சுழி. அப்புறம் இப்டி வயித்த வளைச்சிகினு போ. அப்புறம் நெட்டுக்கு ஒரு கோடு." நான் காலையில் சொன்ன அதே வார்த்தைகள், அதே வரிசை. ஒன்றுகூட விடவில்லை. அந்தப் பெண் இரண்டாவது தடவையே தானாக எழுதிவிட்டாள்.

"வந்துச்சா?" என்று கேட்டார் தோணிக்காரர்.

"வந்துட்ச்சி."

"அப்ப பெரியவர்கிட்ட இருக்கக்கூடாது. எங்க, எழுதுங்க பாப்போம்."

நைனா எழுதினார். அதே சாய்ந்த 'அ'. கூட்டம் முணுமுணுத்தது.

"இன்னும் கீதே! முழுசாக் குடுக்கலியா?"

நைனாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. தோணிக்காரரின் கூட்டத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, விரலைப் பிடித்து எழுத வைத்தார். எல்லாருக்கும் வந்தது. அவரை மறுபடியும் எழுதச் சொன்னார்கள். மறுபடியும் வந்தது. காலால் மணலை அழித்தார். விரலைத் துண்டில் அழுத்தித் துடைத்தார். எழுதினால் வந்துவிடுகிறது.

"போவ மாட்டேங்குது சாமி. குடுத்துட்டேன், எல்லாத்தையும் குடுத்துட்டேன். நான் இன்னா பண்ணட்டும்?"

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தான் திருடிவிட்டதாகவே நம்பினார். குரல் உடைந்துவிட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. தோணிக்குப் பின்னால் நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்; முன்னால் போய் அவர் பக்கத்தில் நிற்கக் கால் வரவில்லை.

பாட்டு முணுமுணுத்த பெண்ணைக் குட்டினாளே, அந்த அம்மாதான் முதலில் பேசினாள். "ஏம்பா, இத்தினி பேருக்குக் குடுத்தும் அவருகிட்ட கொறையவே இல்ல. அப்ப இன்னாத்துக்கு எம்புள்ள இத்தினி நாளா காதப் பொத்திகினு நின்னுச்சி?"

தோணிக்காரர் மண்டையைச் சொறிந்தார். நாட்டார் மணலிலிருந்த எழுத்துகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, தோணிக்குப் பின்னாலிருந்த என் பக்கம் திரும்பினார்.

"ஏன்யா வாத்தியாரே, எடுத்தா கொறையாதுன்னு நீ முன்னாடியே சொல்லியிருக்கக்கூடாதா? மீனப் பத்தி எங்களுக்குத் தெரியும். இதப் பத்தி நீதானே சொல்லணும்?"

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். நைனாவும் பார்த்தார். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்துப்போகலாம் போலிருந்தது. ஆறு பாடம் யோசித்தேன், தோணி உவமையெல்லாம் யோசித்தேன். இதை யோசிக்கவில்லை.

மறுநாள் காலை தோணிக்காரரே வந்து கயிற்றை அவிழ்த்துச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போனார். வலைக்கு ஆகும் என்றார். பிள்ளைகள் எல்லாம் ஒரே நேரத்தில் உள்ளே பாய்ந்ததில் கொட்டகைக் கம்பம் ஒன்று சாய்ந்தது. நைனா கொண்டுவந்த பொரி ஒரு நொடியில் காலி. பாடங்களுக்கு மட்டும் முறை அப்படியே இருக்கட்டும் என்று ஊர் சொல்லிவிட்டது. அது நல்லதாகவே போயிற்று. பாட்டு நாளைக் கணக்கு விழுங்காமல் அந்தக் குப்பத்துக்காரர்கள் பார்த்துக்கொண்ட மாதிரி வேறு யாரும் பார்த்துக்கொண்டிருக்கமாட்டார்கள். பருவம் முடிந்தது, என்னை யாரும் தோணி ஏறச் சொல்லவில்லை.

நைனா அந்தப் பொரி கொடுத்த கையோடு கிளம்பிவிட்டார். துறைவரைக்கும் போனேன். தோணி நகரும்போது, "நல்லா நடத்துபா" என்றார். அவ்வளவுதான்.

தை மாதம் அறுவடைக்கு ஊருக்குப் போனேன். நேரே களத்துக்குத்தான் போனேன். அடித்துத் தூற்றிய நெல் குவியல் குவியலாகக் கிடந்தது. நெல் களத்தில் இருக்கும்போது யாரும் கைவைத்தால் தெரியவேண்டுமென்று எங்கள் பக்கத்தில் குவியலின் மேல் சாணிப்பாலால் குறி போட்டு வைப்பார்கள். நைனா எப்போதும் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு போடுவார். அன்றைக்குக் கோடுகளைக் காணவில்லை. ஒவ்வொரு குவியலின் மேலும் ஒரு 'அ' இருந்தது. எல்லாம் கொஞ்சம் சாய்ந்த 'அ'.

அண்ணன் நெல் அளக்கும் மரக்காலைத் தரையில் போட்டுவிட்டுச் சிரித்தான். "பாத்தியா? மாட்டுத் தொட்டில, வண்டிச் சக்கரத்துல, எங்க பாத்தாலும் இதான். வேற ஒண்ணும் தெரியாதாம். ஆறு பாடம்னு சொன்னியே, உன் பள்ளிக்கூடத்துல இவ்ளோதானா?"

ஒரு குப்பத்துப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் எல்லாம் சமமாகப் போய்ச் சேரவேண்டுமென்று பாடுபட்ட நான், கொட்டிலில் ஒரு மாட்டைக் குறைத்துக்கொண்டு என்னைப் படிக்க வைத்தவருக்குக் கொடுத்தது ஓர் எழுத்து. அதுவும் ஆளில்லாத கொட்டகையில், எப்போது முடியும் என்ற அவசரத்தோடு.

"ஏன் நைனா," என்றேன், எங்கேயோ பார்த்துக்கொண்டு, "அடுத்தது இன்னான்னு அன்னிக்கே கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

அவர் சாணிப்பால் சட்டியைக் கீழே வைத்துவிட்டு விரலைத் துடைத்துக்கொண்டார்.

"ஒண்ணு எடுத்ததுக்கே பஞ்சாயத்து வெச்சாங்க. ரெண்டு எடுத்தா உன் வேல போயிடும்னுதான் வந்துட்டேன்."